உள்ளங்கை படக்கூடாது

உள்ளங்கையால் அடித்தால் அது குத்து இல்லையாம். சட்டம் அப்படியாம். இரண்டு பெடியன்களின் கைகளில் பூசணிக்காய் அளவு உறையை மாட்டி, ஒருவன் மூஞ்சியை மற்றவன் உடைக்கட்டும் என்று மேடையில் ஏற்றிவிடுவார்களாம். ஆனால் உறையின் முன்பக்கம், விரல் முட்டிகள் இருக்கிற இடம், அது பட்டால்தான் குத்தாம். உட்பக்கம் பட்டால் குற்றமாம். மர்ழியாவுக்கு இந்தச் சங்கதியெல்லாம் அன்றைக்கு எங்கே தெரியும்? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீல பெனியன் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறவன் தன் தம்பி சுப்யான். அவன் அடிக்கிறான், நன்றாகத்தான் அடிக்கிறான். பிறகு ஏன் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் அவனையே பிடித்துப் பிடித்து நிறுத்துகிறான்?

நடுவர் சுப்யானின் இடது கையைத் தூக்கினார். உறையின் உட்பக்கத்தைத் தன் விரல்களால் தட்டிக் காட்டினார். பிறகு நாலு பக்கமும் திரும்பி, என்னவோ பெரிய களவைப் பிடித்துவிட்டவர்போல விரலை ஆட்டினார். கொஞ்ச நேரம் போனதும் மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை சண்டையையே நிறுத்திவிட்டு எதிராளியின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

மர்ழியா கதிரையில் ஏறி நிற்காத குறை. "கண் பொட்டையோ உமக்கு? அவன்தானே அடிச்சவன்!" என்று கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சுப்யானைப் பழக்குகிற கிருஷாந் மூலையிலிருந்து ஓடி வந்தான். அவனுக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "அக்கா, கத்தாதேங்கோ. அவர் செய்தது சரி. பிழை எங்கடை பக்கம்."

"என்ன பிழை?"

"பக்கவாட்டாலை இடது ஹூக் அடிக்கேக்கை இவன்ரை கை கடைசியிலை மடிஞ்சு திரும்புது. உள்ளங்கைதான் போய்ப் படுது. அது குத்து இல்லையக்கா, கன்னத்திலை அறையிற மாதிரி. மூண்டு வோர்ணிங் வந்தால் வெளியிலை."

அவள் தம்பியைத் தேடினாள். மேடையில் இல்லை. உடுப்பு மாற்றும் அறையில் இல்லை. வாசலில் அவனுடைய சைக்கிளும் இல்லை. அவள் அப்படியே தெருவுக்கு ஓடினாள்.

தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டுமே, அதற்கு ஏன் இப்படி ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். சுப்யான் இரண்டு வருடம் போதைத் தூள் அடித்தவன். உம்மா றபீக்கா மவுத்தான அன்றைக்கு அவன் எங்கே கிடந்தான் என்று அவனுக்கே தெரியாது. மையத்தை அடக்கிவிட்டு வந்த பிறகு, அடுத்த நாள் மத்தியானம், "உம்மா எங்கை?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அதன் பிறகு புனர்வாழ்வு நிலையம், அழுகை, சத்தியம், மறுபடியும் நிலையம். வெளியே வந்தவனைக் கிருஷாந்தான் நல்லூர்ப் பக்கத்தில் இருக்கிற தங்கள் குத்துச்சண்டைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒருநாள் அங்கிருந்து வந்து, முகமெல்லாம் வியர்வையோடு, மர்ழியாவிடம் சொன்னான்: "ராத்தா, ரிங்குக்குள்ளை நிக்கேக்கை மட்டும் எனக்கு அந்த நினைப்பு வாறேல்லை."

அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடிக்க? புருசன் கட்டாரில். உம்மா இல்லை. வாப்பா நளீர் காலையில் கடையைத் திறந்தால் இரவுதான் மூடுவார், மகனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ரிங் இருக்கும்வரை தம்பி இருப்பான். ரிங் போனால் தம்பியும் போய்விடுவான். அவளுடைய கணக்கு அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவனை எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய தெருவில், தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழும்பிப் புத்தளத்துக்குப் போன ஆட்கள் திரும்பி வராத வீடுகள் சில அப்படியே நிற்கின்றன. கூரை இல்லை, கதவு இல்லை, குசினிக்குள் வேப்பமரம் நிற்கிறது. அதில் ஒரு வீட்டில்தான் பெடியன்கள் கூடுவார்கள். சுப்யான் அங்கே உடைந்த அடுப்புத் திட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"எடுக்கேல்லை ராத்தா," என்றான் அவள் கேட்கும் முன்பே. "வந்தனான்தான். எடுக்கேல்லை."

"ஓம்," என்றாள் அவள். ஆனால் அந்தக் கிழமை முழுக்க அவன் கழற்றிப் போடுகிற சேட்டுகளையெல்லாம் எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். நம்பிக்கை என்பது வாயில் வருகிற அளவுக்கு மூக்கில் வருவதில்லை.

கிருஷாந் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் சாவகச்சேரியில் மாகாணத் தெரிவுப் போட்டி. அதில் வென்றால் பயிற்சி முகாம். பல கிழமை அங்கேயே தங்க வேண்டும், இந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. வெல்லாவிட்டால் இந்த வருடத்துக்கு வேறு போட்டி கிடையாது. கழகத்தில் உள்ள ஒரே ரிங்கில் தெரிவானவர்கள்தான் பழகுவார்கள். "நான் என்ன செய்யிறதக்கா? எனக்கு மேலையும் ஆக்கள் இருக்கினம்."

"அப்ப அந்தக் கையைத் திருத்தினால் சரிதானே?"

"திருத்தினால் வெல்லுவான். அடி இருக்கு அவனிட்டை. கைதான் பிழை."

கழகம் திறப்பது கிழமையில் சில நாள்தான். மற்ற நாட்களில் கையில் மெத்தை மாட்டி அவன் குத்துகளுக்கு யார் பாட் பிடிப்பது? மர்ழியா பிடித்தாள். கிருஷாந் இரண்டு பழைய பாட்களைக் கொடுத்து, ஹூக் அடிக்கும்போது கை எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்கும் காட்டினான். "கோப்பை பிடிக்கிற மாதிரி அக்கா. பெருவிரல் மேலை பாக்கோணும். மணிக்கட்டு நேரா. முழங்கை கையின்ரை மட்டத்துக்கு வரோணும். பேந்து கையாலை அடிக்கிறேல்லை, இடுப்பாலை திரும்பிறது. கோப்பையிலை இருக்கிற பிளேன்ரீ சிந்தக்கூடாது எண்டு நினைக்கச் சொல்லுங்கோ."

நினைக்கச் சொல்வதாவது! மர்ழியா அடுத்த நாள் விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு உண்மையான கோப்பையில் உண்மையான பிளேன்ரீயை ஊற்றி, அவன் இடது கையில் கொடுத்தாள். "திரும்படா."

திரும்பினான். கை மடிந்தது. தேத்தண்ணீர் முழங்கைவரை ஓடியது.

"அல்லா! சுடுது ராத்தா! ஆறவிட்டுத் தந்தால் என்ன?"

"சுட்டால்தான் கைக்கு ஞாபகம் இருக்கும். திரும்பு."

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவனுக்குச் சுட்ட ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் எரிந்துகொண்டே மறுபடியும் ஊற்றினாள். வெயில் ஏறுவதற்குள் கை நேராகும். பாட் மீது அடிக்கும்போது 'தொம்' என்று கனத்த சத்தம் கேட்கும், அவளுடைய தோள்வரை அதிரும். சந்தோசத்தில் அவளுக்கு வலிகூடத் தெரியாது. அடுத்த நாள் விடிய வந்து பார்த்தால்? முந்தைய நாள் பழகியது எல்லாம் போயே போய்விட்டிருக்கும். கை மடியும், உள்ளங்கை திரும்பும், பாட் மீது 'சப்' என்று கேட்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு நாள், ஐந்து நாள், ஒரு கிழமை. தலைகீழாக நின்றாலும் அந்தக் கை ஒரு இரவு தாங்கவில்லை.

"வேணுமெண்டு செய்யிறியோடா?" என்று ஒருநாள் பாட்களைக் கழற்றி நிலத்தில் எறிந்தாள். "உனக்கு அங்கை போறதுக்கு ஒரு சாட்டு வேணும், அதுதானே?"

அவன் குனிந்தான். எறிந்த பாட்களைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, அவள் கையில் திரும்ப மாட்டிவிட்டான். திட்டியதைவிட அதுதான் அவளைக் கொன்றது.

காரணம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. பார்க்கத்தான் இல்லை. அவர்களுடையது ஐந்து சந்தி என்ற இடத்துக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பின்னேரமானால் வீச்சு ரொட்டிதான் அங்கே வியாபாரம். மர்ழியா வீட்டுக் குசினியில் குழம்பும் சம்பலும் ஆக்கிக் கொடுப்பாள், கடையின் முன்பக்கம் வருவதில்லை. அன்று குழம்பு வாளியைக் கொண்டுபோக வேறு யாரும் இல்லாததால் தானே தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் ரொட்டி மேசையில் சுப்யான் நின்றான். பள்ளிக்கூடம் விட்ட காலத்திலிருந்து அவன் நிற்கிற இடம் அது. கடை ஒடுக்கம், மேசை வலது சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, அதனால் அங்கே நிற்கிறவன் இடது கையால்தான் வீச வேண்டும்.

எண்ணெயில் ஊறிய மா உருண்டையைத் தட்டினான். ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். இடது கை பக்கவாட்டில் வட்டமாக வந்தது. கடைசி நொடியில் மணிக்கட்டு சுழன்று, உள்ளங்கை விரிந்து, மா மேசையில் 'சப்' என்று விழுந்தது. மறுபடியும் தூக்கினான். மறுபடியும் 'சப்'.

மர்ழியா வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். யா அல்லாஹ், இதுதானே அந்தக் கை! விடிய விடியக் கோப்பையைக் கொடுத்து அவள் நேராக்குகிற மணிக்கட்டை, பின்னேரம் முழுக்க வாப்பாவின் ரொட்டி மேசை திரும்ப மடித்துவிடுகிறது. நூறு ரொட்டிக்கு எத்தனை வீச்சு? அவன் கையில் என்ன தப்பு?

கடை மூடுகிற நேரம் வரை பொறுக்க அவளால் முடியவில்லை. ஆட்கள் இருக்கும்போதே வாப்பாவைப் பின்பக்கம் கூப்பிட்டாள். "வாப்பா, போட்டி முடியுமட்டும் சுப்யான் ரொட்டி வீசக்கூடாது."

"அப்ப ஆர் வீசுறது? என்ரை தோள்மூட்டை நீ அறியாயோ? கையைத் தூக்கித் தொப்பி போட ஏலாமல் கிடக்கிறன். புதுசா ரொட்டி போடுற பாஸ் ஒருத்தனைச் சம்பளத்துக்குப் பிடிக்க இந்தக் கடை தாங்காது."

"நான் வீசுறன்."

நளீருக்கு முகம் கறுத்தது. "பொம்பிளைப் பிள்ளை கடை வாசலிலை நிண்டு ரொட்டி வீசுறதோ? விசர் கதை கதைக்கிறாய். கட்டாரிலையிருந்து உன்ரை மாப்பிள்ளை கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"அவரோடை நான் கதைக்கிறன்."

"ஊர் என்ன சொல்லும்?"

தான் அடுத்துச் சொன்னதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு அவளுக்குப் பட்டது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது. "உம்மாவின்ரை மையத்துக்கு ஊர் வந்து தோள் குடுத்தது வாப்பா. உங்கடை மகன் குடுக்கேல்லை. நாளைக்கு அவன்ரை மையத்துக்கும் ஊர் வந்து குடுக்கும். அது காணுமோ உங்களுக்கு?"

நளீர் உள்ளே போய், காசு வாங்குகிற மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் இருந்தார். அடுத்த நாள் ரொட்டி மேசைக்கு முன்னால் ஒரு பழைய திரைச்சீலை தொங்கியது. அதுதான் அவருடைய சம்மதம்.

திரை இரண்டு நாள்தான் நின்றது. கல்லின் சூட்டில் மூச்சு முட்டி மர்ழியாவே அதைக் கழற்றி எறிந்தாள். வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ரொட்டி வீசுவது சும்மா இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மா கிழிந்தது, சுருண்டது, முழங்கையில் ஒட்டியது. ஒன்று பறந்துபோய்ப் பள்ளிவாசலுக்குப் போக ஆயத்தமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் மடியில் விழுந்தது. இன்னொருவர் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "பிள்ளை, இது ரொட்டியோ நுளம்பு வலையோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

ஒரு கிழமையில் இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். விடிய பாட், பிறகு குசினி, பின்னேரம் ரொட்டி. ஆனால் அசர் தொழுகை நேரத்தில் கொஞ்ச நேரம் வாப்பா அவளைப் பிடிவாதமாக வீட்டுக்கு அனுப்பினார். "தொழுதிட்டுக் கொஞ்சம் சரிஞ்சுபோட்டு வா பிள்ளை." அவள் திரும்பி வரும்போது பார்சலுக்கான ரொட்டிகள் கூடையில் வடிவாக அடுக்கி இருக்கும், ஒன்றுகூடக் கிழிசல் இல்லாமல்.

"ஆர் வாப்பா போட்டது?"

"நான்தான். ஒருமாதிரிப் பல்லைக் கடிச்சுக்கொண்டு போட்டன்."

அவளுக்குக் கண் கலங்கியது. அந்தத் தோளை வைத்துக்கொண்டா? இரவு எண்ணெய் காய்ச்சி, வீங்கிய தன் கையாலேயே வாப்பாவின் தோளைப் பிடித்துவிட்டாள். நளீர் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுப்யானின் கையும் முதலில் திருந்தத்தான் செய்தது. கோப்பை சிந்தவில்லை. 'தொம்', 'தொம்' என்று வந்தது. போட்டி கிட்டக் கிட்ட இடைக்கிடை ஒரு 'சப்' மறுபடியும் கேட்டது. பயத்தில் வருகிறது என்று அவள் நினைத்தாள். ஒருநாள் அவள் அசர் தொழ வந்தபோது வீட்டில் அவனைக் காணவில்லை. அவள் வீட்டுக்கும் தெரு முனைக்கும் நாலுதரம் நடந்து, கூரையில்லாத அந்த வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது, அவன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றான்.

"எங்கை போனனி?"

"இஞ்சைதான் நிண்டனான்."

"உண்மையைச் சொல்லு."

"என்னை நம்பிற மாதிரி நடிக்காதை ராத்தா," என்றான் மெதுவாக. "நம்பாட்டில் நம்பேல்லை எண்டு சொல்லு. நான் தாங்குவன்." அவள் அவன் சேட்டை மணந்து பார்த்தாள், அவன் முன்னாலேயே. எண்ணெய் மணந்தது. குசினி எண்ணெய்தானே என்று விட்டுவிட்டாள்.

போட்டி நாள் வந்தது. சாவகச்சேரி மண்டபத்தில் மூச்சு விட இடமில்லை. எதிராளி அந்த ஊர்ப் பெடியன், சுப்யானைவிட அரைச்சாண் உயரம். முதல் ரவுண்டில் சுப்யான் அவனைக் கிட்டவே விடவில்லை. இடது ஹூக் ஒன்று விலாவில் இறங்கியது. 'தொம்'. மர்ழியாவுக்கு அந்தச் சத்தம் அத்தனை கூச்சலுக்குள்ளும் தனியாகக் கேட்டது. கண்ணில் நீர் முட்டியது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

இரண்டாவது ரவுண்டில் களைத்தான். களைத்த உடம்பு பழகியதைத்தான் செய்யும், படித்ததைச் செய்யாது. கை சுழன்று வந்தது, மணிக்கட்டு மடிந்தது. 'சப்'.

நடுவர் நிறுத்தினார். உறையின் உட்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு வோர்ணிங்.

"கோப்பை!" என்று மூலையிலிருந்து கிருஷாந் கத்தினான். "கோப்பையடா!"

மூன்றாவது ரவுண்ட் தொடங்கிக் கொஞ்சத்தில் மறுபடியும் 'சப்'. இரண்டாவது வோர்ணிங். இன்னும் ஒன்று வந்தால் வெளியில். அதற்குப் பிறகு சுப்யான் செய்ததை மர்ழியாவால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இடது கையைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டான். அந்தக் கையை அவன் நம்பவில்லை. ஒரு குத்துக்கூட அதனால் அடிக்கவில்லை. எதிராளிக்கு இரண்டு தடவையில் விசயம் விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தால் வந்து வந்து அடித்தான். சுப்யான் ஒற்றைக் கையோடு நின்றான், விழவும் இல்லை. மணி அடித்தபோது அவனுடைய வாயெல்லாம் இரத்தம். புள்ளியில் தோற்றான்.

"வெளியிலை போடேல்லையக்கா, கடைசிமட்டும் நிண்டிட்டான்," என்றான் கிருஷாந். ஆறுதலாம். பிறகு குரலைத் தணித்துக் கேட்டான்: "இவன் இன்னும் ரொட்டி வீசுறானோ? பழைய கை அப்பிடியே திரும்பி வந்திருக்கு."

"இல்லை. நான்தானே வீசுறன்."

சுப்யான் பக்கத்தில்தான் நின்றான். அவள் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். முகம் கழுவிவிட்டு வாறன் என்று போனவன் திரும்பி வரவில்லை. போனை அடித்தால் நிறுத்தி வைத்திருக்கிறான். மர்ழியா கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். இன்றைக்கென்று பார்த்து அந்த பஸ் ஒவ்வொரு வேலிக்கும் நின்று ஆள் ஏற்றியது.

கடைக்குள் ஓடினாள். "சுப்யான் வந்தவனோ?"

"இல்லை. என்ன நடந்தது?"

"தோத்திட்டான். கை மடிஞ்சிட்டுது வாப்பா. ரொட்டிக் கை திரும்பி வந்திட்டுது. ஏன் வந்தது எண்டு எனக்கு விளங்கேல்லை, நான் வீசுறன், நீங்கள் வீசுறியள், அவன் தொடவேயில்லை..." சொல்லிக்கொண்டே போனவள் வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நளீர் கதிரையைத் தடவி உட்கார்ந்தார். "உன்ரை ரொட்டியை ஆரும் பார்சல் கட்டேல்லைப் பிள்ளை," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "வந்த ஆக்கள் திரும்பிப் போச்சினம். நீ தொழப் போற நேரத்திலை அவனைக் கூப்பிட்டனான். ராத்தாவுக்குத் தெரிஞ்சால் மனம் நொந்துபோவாள், சொல்லாதை எண்டனான். அவன் ஒண்டும் கேக்கேல்லை. நாள்தோறும் வந்து வீசிப்போட்டுப் போனவன்."

அந்தத் தோளுக்கு அவள் எண்ணெய் பூசினாளே! கத்தியிருப்பாள். மேசையில் இருந்ததையெல்லாம் எடுத்து எறிந்திருப்பாள். ஆனால் அதற்கு இப்போது நேரம் இல்லை. செருப்பு ஒன்று கழன்றதைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினாள்.

கூரையில்லாத வீட்டு வாசலில் நின்ற இரண்டு பெடியன்கள் அவளைக் கண்டதும் மதில் பாய்ந்து போனார்கள். சுப்யான் உள்ளே, அதே உடைந்த அடுப்புத் திட்டில் இருந்தான். சொண்டு வீங்கியிருந்தது. இடது கையை நெஞ்சுக்கு நேரே பொத்திப் பிடித்திருந்தான்.

"கையை விரி," என்றாள்.

விரிக்கவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கை மடிந்து, மணிக்கட்டு நேராக, பெருவிரல் மேலே பார்த்தபடி, விரல்கள் இறுகி. ஒரு சொட்டுப் பிளேன்ரீ சிந்தாது. ஒரு மாதமாக அவள் கெஞ்சியும் திட்டியும் சுட்டும் கேட்ட கை அதுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

மர்ழியா ஓங்கி அவன் கன்னத்தில் அடித்தாள்.

அவன் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. "உள்ளங்கை படுது ராத்தா," என்றான். "ஒரு வோர்ணிங்."

மறுபடியும் அடித்தாள்.

"ரெண்டு."

மூன்றாவதுக்குக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மூன்று என்றால் வெளியில். இவனை இனி எங்கே வெளியில் போடுவது? இந்த இடிந்த வீட்டுக்கு அப்பால் எந்த வெளி இருக்கிறது? அவனைக் கேட்டாள்: "ஏன்டா வீசினனி? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உன்ரை கை வீங்கிக் கிடந்தது," என்றான். "அந்தக் கையோடை விடியப்புறம் பாட் வேறை பிடிக்கிறாய். நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?"

அவள் அழுதாள். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளைபோல அழுதாள். ஓங்கிய கையை இறக்கி, அவனுடைய பொத்திய கைக்குக் கீழே விரித்துப் பிடித்தாள். துணி சுற்றிய கை அது. ஒன்றும் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள். வேப்பமரத்தில் காகங்கள் அடையத் தொடங்கின. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டது. பாங்கு முடிந்தும் நின்றாள்.

சின்ன விரல் முதலில் தளர்ந்தது. பிறகு மற்றவை. வியர்வையில் நனைந்த ஒரு சின்னப் பொட்டலம் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அதன் ஒரு மூலை கிழிந்திருந்தது.

"எடுக்கேல்லை ராத்தா," என்றான் சுப்யான். "கிழிச்சனான்தான். எடுக்கேல்லை."

உள்ளே இருந்தது குறைந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? முழுசாக இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று அவள் ஒருநாளும் கண்டதில்லை. குனிந்து அவன் சேட்டை மணக்கலாம். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்க்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. பொட்டலத்தைக் கைக்குள் இறுகப் பொத்தினாள்.

"ஓம்," என்றாள். "எழும்பு. விடிய பாட் பிடிக்கோணும்."

"போட்டிதான் முடிஞ்சுதே."

"முடிஞ்சால் என்ன? எழும்படா."

நம்பினாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். மற்றக் கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டு வாசல் வருமட்டும் அவள் அதை விடவில்லை.